நீ எழுதாத கதை

என் சிவகாமி அக்கா,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் அச்சகம் எதுவும் இருக்காது என்று நம்புகிறேன். அப்படி ஒன்று இருந்தால், அதன் முதலாளியிடம் உன் பெயரை மட்டும் சொல்லிவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை தெமியாங் அச்சக முதலாளி நம் தோட்டத்துக்கு வந்தார். ஜப்பான்காரன் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் மனிதருக்குக் கதர்ச் சட்டை முளைத்துவிட்டது. பெண்கள் எழுதிய கதைகளைத் திரட்டிப் புத்தகம் போடுகிறாராம். உன் கதைகள் அவரிடமே இருக்கின்றனவாம். என் புதுக் கதை இரண்டும், உன் படமும் வேண்டுமாம். முன்னுரையைக் கையோடு கொண்டுவந்து படித்தும் காட்டினார். இருண்ட காலத்தில் பெண்களின் பேனாவைத் தம் நெஞ்சில் வைத்துக் காத்தாராம்.

அந்த நெஞ்சு உனக்கும் எனக்கும் தெரியாததா அக்கா?

ஜப்பான் சண்டைக்கு முன்னால், காலையில் ரப்பர்க் காட்டில் பால் மரம் வெட்டிவிட்டு, மத்தியானம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து இருவரும் எழுதுவோம். தோட்டத்துப் பெண்கள் எழுதுகிறார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டுத் தம் பத்திரிகையை விற்றார் அவர். உன் கதையில் கங்காணியைக் கன்னத்தில் அறைந்த பெண்ணை, அச்சில் அவன் காலிலேயே விழ வைத்தார். ஏன் என்று நீ கேட்டதற்கு, பெண்பிள்ளை எழுத்துக்கு அடக்கம்தான் அழகு என்று கடிதம் போட்டார். நீ அந்தக் கடிதத்தில் கருவாடு சுற்றி வைத்தாய். அப்படியும் அடுத்த கதையை அவருக்கே அனுப்பினோம். நம் எழுத்தைப் போட வேறு யார் இருந்தார்கள்?

பிறகு ஜப்பான்காரன் வந்தான். காகிதமில்லாமல் மற்ற அச்சகங்கள் பூட்டிக் கிடந்தபோதும் இவருடையது ஓடியது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த சமயத்தில் உன்னைத் தேடி வந்தார். புருஷனைச் சந்தோஷமாகச் சயாமுக்கு அனுப்பும் மனைவியைப் பற்றி நீ கதை எழுத வேண்டுமாம்.

"மூணே மாசந்தாம்மா. அரிசி, துணி எல்லாம் குடுக்கறாங்க. நீ எழுதினா சனங்க நம்பும்."

நீ அடுப்பிலிருந்த மரவள்ளிக்கிழங்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போனவங்கள்ல ஒருத்தராச்சும் திரும்பி வரட்டுங்க ஐயா. அவங்களக் கேட்டுட்டு எழுதறேன்."

சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒரு துண்டுப் பத்திரிகையை உரக்க வாசித்தார். கதைக்கு மேலே உன் பெயர். அதில் வந்த மனைவி, லாரி ஏறும் புருஷனுக்குத் திலகம் இட்டு வழியனுப்பினாள். நம் லயத்தில் எவளாவது புருஷனுக்குத் திலகம் இட்டு நீ பார்த்திருக்கிறாயா? நம்மைப் பற்றிப் பொய் சொல்லும் அளவுக்குக்கூட அவருக்கு நம்மைத் தெரியவில்லை.

ஆனாலும் நம்பினார்களே! "சிவகாமியே எழுதியிருக்கு, தப்பா சொல்லுமா?" என்று காளியம்மாவின் புருஷன் முனியன்தான் முதலில் பெயர் கொடுத்தான். அவன் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர்.

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாய். "அது நான் எழுதல! யாரும் பேர் குடுக்காதீங்க!"

"வாய மூடும்மா, ஜப்பான்காரன் காதுல விழுந்தா தலை இருக்காதுலா" என்று கிராணி நடுங்கினார். நீ மூடவில்லை. அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். பெயர் கொடுத்தவர்களில் மற்றவர்கள் லிங்கிப் பக்கம் காட்டுக்குள் ஓடிப் பிழைத்தார்கள். முனியன் மட்டும், பிள்ளைகளின் பசியைப் பார்த்துக்கொண்டு, லாரியில் ஏறினான்.

லாரி போன மறுநாள் விடியலில் கிளம்பி இருவரும் தெமியாங்குக்கு நடந்தோம். முதலாளி நம்மை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உனக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே நாந்தானம்மா. அந்தப் பேர ஒரு தடவ நான் எடுத்துக்கிட்டா என்ன குறைஞ்சுபோச்சு?"

"நான் எழுதலன்னு நாலு வரி போடுங்க" என்றாய்.

"காகிதம் ஏது?"

"பொய்க்கு மட்டும் இருந்துச்சா?"

நம் கைப்பிரதிகளையாவது திருப்பிக் கேட்டாய். அச்சாபீசுக்கு வந்தது அச்சாபீசுக்குத்தான் என்றார். நீ அவர் மேசைமேல் காறித் துப்பினாய். ஒரு பதிப்பாளரைப் பற்றி எழுத்தாளர் சொன்ன அபிப்பிராயத்தில் அத்தனை சுருக்கமானதை நான் இதுவரை கண்டதில்லை.

அந்த வருஷ மழையில் மலேரியா உன்னைக் கொண்டுபோயிற்று. ஒரு கொய்னா மாத்திரைக்கு நான் ரந்தாவ் முழுக்க அலைந்தேன் அக்கா. கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னுரையை மடித்ததும் கேட்டேன்: "சயாம் கதையும் புத்தகத்துல இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? காலம் அப்படி." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் கதையும் வந்தா உனக்குத்தானே பேரு?"

"எம்பேரு எங்கிட்டயே இருக்கட்டுங்க ஐயா" என்றேன். கதையும் கொடுக்கவில்லை, படமும் கொடுக்கவில்லை. நான் கொடுக்காவிட்டாலும் உன் கதைகள் வரும் என்று முனகிக்கொண்டே காரில் ஏறினார். வரட்டும், எழுத்துக்கூட்டியாவது அந்த மனிதர் உன்னைப் படித்தால் சரி.

கார் போன பிறகு காளியம்மா என்னிடம் வந்தாள். முனியன் திரும்பவே இல்லை, உனக்குத் தெரியும். மெதுவாகக் கேட்டாள்: "லெட்சுமி, அந்தக் கதைய நெசமாவே சிவகாமி எழுதலதானே?"

பெரட்டில் நீ கத்தியதைக் காதால் கேட்டவள் அக்கா. அவளுக்கே இத்தனை நாளும் சந்தேகம் இருந்திருக்கிறது. வாயால் சொன்னதை அச்சில் வந்தது மூடிவிட்டது. அவளை உட்காரவைத்து, தெமியாங்கில் நடந்தது முழுவதையும் சொன்னேன். பிறகு, "புத்தகத்த எங்க வெளியிடறானாம்?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம், சிரம்பானில். நானும் அவளும் போகிறோம். அவர் தம் நெஞ்சைப் பற்றிப் பேச வாயெடுத்ததும், எழுதப் படிக்கத் தெரியாத காளியம்மா எழுந்து நின்று, தன் புருஷனை லாரியில் ஏற்றிய கதையை எழுதியது யார் என்று கேட்பாள். நான் அவள் பக்கத்தில் நிற்பேன். சபை நடுவே அவர் வாயிலிருந்து பதில் வரும்வரை நாங்கள் உட்கார மாட்டோம். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
லெட்சுமி