அந்தோனியாரிடம் கொடுத்த ஊசி

தங்கச்சிமடம்
வியாழக்கிழமை

அன்பு மகன் பிரடெரிக்குக்கு, ஆண்டவர் இரக்கத்தால் இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

கச்சத்தீவு அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு நம் தெருவிலிருந்து படகேறியவர்கள் நான், உன் அய்யா, உன் தங்கை பிரெசில்லா, படகோட்டி ஆன்டனி ராஜ், அவன் பெண்சாதி கிறிஸ்டினா, ஐந்தே பேர். சனிக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது பிரெசில்லா வாந்தி எடுத்தாள். கிறிஸ்டினா, அலை அடிக்குதுல்ல, எலுமிச்சம்பழத்த மோந்து பாரு தாயி என்றாள். உன் அய்யா மட்டும், ஏலே ஆன்டனி, விரட்டுடா, எம்மக கடல்ல ஒருநாளும் வாந்தி எடுத்தவ இல்ல என்று எழுந்து நின்றுவிட்டார். சுகர் பார்த்தேன், மெசினில் எண்ணே வரவில்லை, அளவு தாண்டினால் வரும் ஹை என்ற எழுத்துதான் வந்தது. பதினோரு வருஷமாக அவள் சுகரை நோட்டில் குறிக்கிறேன், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கை நின்றுவிட்டது. இன்சுலின் வைக்கும் ஐஸ் டப்பாவைத் திறந்தால் ஊசி இல்லை, மருந்து இல்லை. காலையில் கேட்டதற்குப் போட்டாச்சு என்றவள், அப்போதுதான் சொல்கிறாள், அண்ணன் செல்லு வச்சு ஊசியே வேணாமின்னு ஆக்கிட்டானே, அதான் நேத்தே அந்தோனியாரு காலடியில நேர்ச்சையா வச்சுட்டேன் என்று. அவளை மட்டும் எப்படித் திட்டுவேன், கிறிஸ்துமஸுக்கு நீ போனில், உங்கள் ஆராய்ச்சியில் இன்சுலின் சுரக்கும் செல்லை உடம்பில் ஏற்றிக்கொண்ட ஒரு அம்மா ஒரு வருஷமாக இன்சுலினே போடவில்லை என்று சொன்னதும், நம் பிள்ளைக்கே குணமானது போல நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தவள் நான்தானே.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள், நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று டாக்டர் பூமிநாதன் பேச்சை முடிக்கவில்லை. நீ சொன்னதை அவரிடம் கேட்டேன். இறந்தவர்களின் கணையத்திலிருந்து அந்தச் செல்லை எடுக்கிறார்களாம், ஒருவருக்கே சில சமயம் இரண்டு பேருடையது வேண்டுமாம், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் விட்டால் பாதி அங்கேயே செத்துப்போகுமாம், மிச்சத்தை உடம்பு விரட்டாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரையாம், அந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்குமாம். மாத்திரை இல்லாமலே செல்லைக் காப்பாற்றத்தான் உங்க மகன் மாதிரி ஆட்கள் பாடுபடுகிறார்கள், முடியவில்லை இன்னும் என்றார். இதில் ஒன்றைக்கூட நீ எங்களுக்குச் சொல்லவில்லையே மகனே. அம்மா சந்தோசப்படட்டும் என்று நினைத்திருப்பாய், அது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

பிரெசில்லா இப்போது ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் செல்லு எனக்கு எப்போம்மா வரும், அண்ணனையே கேளு என்று ஒரே கேள்விதான். போனில் சொல்லாதே, போனில் உன் குரல் கேட்டாலே எல்லாம் நடந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும். காகிதத்தில் அவள் பெயருக்கு எழுது. எத்தனை வருஷம் என்று உனக்கே தெரியாதென்றால், தெரியாது என்றே எழுது, அதுவரை ஒரு வேளை ஊசிகூட விடக்கூடாது என்றும் எழுது. சீக்கிரம் என்ற சொல் மட்டும் வேண்டாம். ஞாயிறு பூசையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன் கையால் நல்லது நடக்க அந்தோனியார் துணையிருப்பார். இது கிடைத்த வாரத்துக்குள் பதில் எழுதிப் போடு.

உன் அம்மா,
லூர்து மேரி