வி. விஜயலக்ஷ்மியும் எஸ். விஜயலக்ஷ்மியும்

கரமனை,
திருவனந்தபுரம்
12-7-1974

சௌபாக்கியவதி விஜயத்துக்கு,

ஆசீர்வாதம் என்றுதான் தொடங்க வேண்டுமாம். உன்னைவிட இரண்டே வயது மூத்த புருஷன் ஆசீர்வதிக்கிறானே என்று, ஆராய்ச்சிக்குப் போன நார்வேயில் உட்கார்ந்து சிரிப்பாய். சிரித்துக்கொள். நானும் உன் அப்பாவும் சௌக்கியம். மழையில் ஆறு படித்துறையின் மேல்படி வரை ஏறிவிட்டு இறங்கிவிட்டது. நான் ரசம் வைக்கப் பழகிவிட்டேன். உன் அப்பா மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். பசியினாலா ரசத்தினாலா என்று நான் விசாரிக்கவில்லை.

உன் போன கடிதம்தான் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவிக்கு மனு போடப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். உன் கட்டுரைகளை வெளியில் யாரும் மேற்கோள் காட்டவே இல்லை என்று நீ விமானம் ஏறுகிற வாரத்தில் துறைத் தலைவர் சொன்னாராம். இத்தனை வருஷம் கடல்பாசியைக் கொதிக்கவைத்தது வீண் என்று நீயும் நம்பிவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் பாதி, உன் மேல் பாதி.

எனக்கு ரசாயனம் தெரியாது, தணிக்கை தெரியும். ஆபீஸில் கணக்கு இடித்தால் விடுகிற ஆள் இல்லை நான். சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். யார் எழுதியதை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஆண்டுதோறும் அச்சாகி வருகிறதே, அந்தத் தடிப் புத்தகங்களைக் கேட்டேன். எஸ். விஜயலக்ஷ்மி என்ற பெயரில் நாலைந்து வரிதான் இருந்தது. அதிலும் பாதி, தவளையை ஆராயும் வேறு யாரோ ஒரு விஜயலக்ஷ்மியுடையது. துறைத் தலைவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

அங்கே வேலை பார்க்கும் சரோஜம், பாறசாலைக்காரி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரே, கல்யாணத்துக்கு முன்னே இவங்களுக்கு அச்சன் பேருதானே இனிஷியல்? அதிலே நோக்கினீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெங்கடசுப்ரமணியன் மகள் வி. விஜயலக்ஷ்மி பத்தி பத்தியாக இருக்கிறாள், விஜயம்! கன்னிப் பெண்ணாக விழிஞ்ஞம் பாறைகளில் வழுக்கி விழுந்து பாசி பொறுக்கி, அதிலிருந்து பசை எடுப்பதைப் பற்றி நீ எழுதிய அந்த முதல் கட்டுரையைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தீப்புண்ணுக்குக் கட்டுப் போடும் டாக்டர்கள், துணிக்குச் சாய அச்சுப் போடுகிறவர்கள், உர ஆராய்ச்சிக்காரர்கள், ஐஸ்கிரீம் உருகாமல் வைக்கிறவர்கள்கூட. சரோஜமும் நானும் மத்தியானம் முழுக்கக் குறித்தோம். அவள்தான் ஒவ்வொன்றும் எந்தத் துறை என்று எனக்குச் சொல்லித் தந்தாள்.

சந்தோஷத்தோடு கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. தாலி கட்டிய கையோடு உன் பெயரின் முன்னால் என் எழுத்து வந்து உட்கார்ந்தது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், நாம் இருவருமே யோசிக்கவில்லை. உன்னைத் தேடி வந்த உலகம் பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

உன் அப்பாவிடம் சொன்னேன். "மாப்ளே, என் எழுத்தா இத்தனை ஊர் சுத்தியிருக்கு? நான் ஆரியசாலையைத் தாண்டினதில்லையே" என்றார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

வி. விஜயலக்ஷ்மியும் எஸ். விஜயலக்ஷ்மியும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறேன். அதையும் மேற்கோள் பட்டியலையும் மனுப் பாரத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகஸ்டு கடைசிக்குள் மனு இங்கே வந்து சேர வேண்டும். கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் சேர்த்துவிடு. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அவர்கள் பாடு, உன்னை யாரும் படிக்கவில்லை என்று மட்டும் நீ இனிமேல் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். இனி எழுதுகிற கட்டுரைகளை வி. விஜயலக்ஷ்மி என்றே அனுப்பு. என் எழுத்து உன் பெயரில் இல்லாததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீ வந்து என் ரசத்தைக் குறை சொன்னால் போதும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். தீர்க்காயுசாய், நல்ல பேரோடு இரு.

உன்,
ஸ்ரீகண்டன்

பி.கு.: உறையின் மேல் பழைய பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், இனிமேலும் அப்படித்தான் எழுதுவேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று விடுதியில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். விடாதே, அது நான்தான் என்று சொல்லி வாங்கிக்கொள்.