பதினெட்டுப் பேரும் விழுந்த ஆட்டம்

ஜூன் 9, திங்கள்

மழலை வகுப்பில் இன்றும் கைக்குட்டை ஆட்டம். பதினெட்டு வாண்டுகளும் நானும் கைகோத்து வட்டம் கட்டி உட்கார்ந்தோம். ஒருவர் கைக்குட்டையோடு சுற்றி வந்து யார் முதுகுக்குப் பின்னால் போடுகிறாரோ, அவர் எழுந்து துரத்த வேண்டும். இன்று என் பின்னால் விழுந்தது. ஐம்பத்தாறு வயதில் சும்மா இருக்கலாம் அல்லவா? நாலடி ஓடினேன், முட்டி மடங்கிக் குப்புற விழுந்தேன். உடனே பதினெட்டுப் பேரும் தொப் தொப்பென்று விழுந்தார்கள். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்! வலியிலும் சிரிப்பு அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. வீட்டுக்காரர் போய் எட்டு மாதம். இருந்திருந்தால் நடித்துக் காட்டச் சொல்லியிருப்பார். தைலத்தை நானே தேய்த்துக்கொண்டேன்.

ஜூன் 10

தலைமை ஆசிரியை கூப்பிட்டார். "இனிமே நீங்க வருகைப்பதிவு மட்டும் பாருங்க டீச்சர். வட்டத்தைப் புது டீச்சர் பாத்துக்கட்டும். உங்க நல்லதுக்குத்தான்."

"சரிங்க" என்றேன். எதற்குச் சரி என்றேன்?

ஜூன் 12

ஜன்னல் வழியாகப் பிள்ளைகளின் சத்தம் மட்டும் வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

புது டீச்சர் மூச்சு வாங்க வந்தாள். "அக்கா, எல்லாரும் விழுற ஆட்டம்தான் வேணும்னு ஒரே அடம். எனக்கு அது தெரியல. ஒருவாட்டி வந்து சொல்லிக் குடுங்களேன்."

"எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றேன். பொய். பதிவேட்டில் எழுத ஒரு பெயர்கூட மிச்சமில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு ஏன் இந்த வீம்பு? அந்தப் பெண் என்ன செய்தாள்?

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. வட்டம் கட்டும்போது இரண்டு பக்கமும் பிசுபிசுத்த குட்டிக் கைகள் பிடிக்கும். அவர் போன பிறகு என்னைத் தொடுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான் — அதையும் "சரிங்க" என்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அழுகையா வருது. வெக்கத்த விட்டு நாளைக்குப் போய்க் கேட்டுடணும்.

ஜூன் 16, திங்கள்

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வட்டத்தில் போட்டேன். "தரையில உக்கார முடியாது. இப்படியே சேத்துக்குவீங்களா?"

புது டீச்சர் வாய் திறப்பதற்குள் பிள்ளைகள் ஓடிப்போய் ஆளுக்கொரு குட்டி நாற்காலியை இழுத்து வந்துவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்த தலைமை ஆசிரியை, "ஓடக் கூடாது, ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் பக்கத்தில் ஒரு வாயாடிப் பெண். தோற்றால் ஊரையே கூட்டுகிறவள். என் கையைத் தொட்டுப் பார்த்து, "ஏன் டீச்சர் சில்லுனு இருக்கு?" என்றாள்.

"யாரும் பிடிக்கல. அதான்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கைக்குட்டை அவள் நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. "எழுந்திரு, எழுந்திரு" என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.