இரண்டாவது சிலிண்டர்

சேலையூர்,
2.6.2025

அன்புத் தங்கை பரிதாவுக்கு,

நலம். உன் அண்ணி காமு உன்னை விசாரித்தாள். போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

புதுக் கிணற்றின் எரிவாயு இருப்பைக் கணக்கிட்டுக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். உன் ஆய்வக முடிவு தாமதமானதால், வாயு அழுத்தத்தில் எவ்வளவு சுருங்கும் என்ற எண்ணைப் பக்கத்துக் கிணற்றிலிருந்து எடுத்துக்கொண்டேன். எல்லோரும் செய்வதுதான். இப்போது உன் முடிவில் நைட்ரஜன் அதிகம், அதனால் இருப்பில் ஏழில் ஒரு பங்கு குறைகிறது என்று மேலிடத்தில் குடைகிறார்கள்.

வாயு மாதிரி பிடித்த சாலமன் சிலிண்டரைச் சரியாக மூடவில்லை, காற்று புகுந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடு. பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற டெக்னீஷியன்தானே. இந்த வேலை போனால் வேறொன்று.

அன்புடன்,
அண்ணன் ஸ்ரீரங்கன்

பல்லாவரம்,
6.6.2025

ஸ்ரீரங்கன் அண்ணா,

நலமே. நீங்கள் தங்கை என்று ஆரம்பித்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்பது ஒரே நிறுவனத்தில் இருபது வருடமாகத் தெரியும்.

காற்று புகுந்திருந்தால் நைட்ரஜன் மட்டும் தனியாகவா வரும்? ஆக்சிஜனும் வந்திருக்கும். என் அறிக்கையில் ஆக்சிஜன் பூஜ்யம். முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பக்கத்துப் பையின் எடையைச் சொல்லி நம் பைக்குக் காசு கேட்டால் அண்ணி சும்மா விடுவார்களா? சாலமன் சிலிண்டரைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகே ஜீப்பில் ஏற்றுவார். அந்தப் பொறுமையில் பாதி இருந்திருந்தால் நீங்கள் என் முடிவுக்காக எட்டு நாள் காத்திருப்பீர்கள். எழுதித் தர மாட்டேன்.

பரிதா

சேலையூர்,
11.6.2025

அன்புப் பரிதா,

கோபம் வேண்டாம். சாலமனை சஸ்பெண்ட் செய்தாகிவிட்டது. இருபதாம் தேதி விசாரணை. நீ எழுத வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அந்தச் சிலிண்டரில் இருந்த வாயு சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. இனி யாரும் சரிபார்க்க முடியாது. ரம்ஜானுக்கு நீ கொடுத்தனுப்பிய பிரியாணியைக் காமு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்ரீரங்கன்

பல்லாவரம்,
18.6.2025

திரு. ஸ்ரீரங்கன் அவர்களுக்கு,

மாதிரியை எப்போதும் இரண்டு சிலிண்டர்களில் எடுப்போம். முதன்மைப் பொறியாளருக்கு இது தெரியாதது எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டாவதை வேறோர் ஆய்வகத்தில் விசாரணை அதிகாரி முன்னிலையில் திறந்தார்கள். அதே நைட்ரஜன். ஆக்சிஜன் பூஜ்யம். சாலமன் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார். இருபதாம் தேதி கேள்விகள் உங்களுக்குத்தான்.

சிலிண்டரின் சீல் அட்டையில், "கசிவு இல்லை, என் முன்னிலையில் மூடப்பட்டது" என்பதற்குக் கீழே ஒரு சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. உங்களுடையது. மாதிரி எடுத்த அன்று நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. சாலமன் ஜன்னல் வழியாக அட்டையை நீட்டினார். போனில் பேசிக்கொண்டே போட்டீர்கள். "இன்னா எழுதிகீதுன்னு கூட பாக்கல மேடம்" என்று அன்றே என்னிடம் வருத்தப்பட்டார்.

படிக்காமல் கையெழுத்துப் போடும் உங்கள் பழக்கத்தால் இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒருவர் பிழைத்திருக்கிறார். அண்ணியிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் இனி எழுத வேண்டாம்.

எஸ். பரிதா,
ஆய்வகப் பொறுப்பாளர்