இரண்டு மடல்

ஏப்ரல் 3

காலையிலிருந்து கம்ப்யூட்டர் ஒரே பாட்டைப் பாடுகிறது: எடைகளை ஒப்பிடும் டி சோதனைக்கு இரண்டு குழுக்கள்தான் வேண்டும், உன்னிடம் மூன்று இருக்கின்றன. எங்கே மூன்று? ஆட்டுக்குட்டிகள் இருபத்து நான்கு. பாதிக்குப் புல். பாதிக்குப் பலாத்தோல், பட்டியலில் அதற்குப் பெயர் 'மடல்'. மூன்றாவது குழு என் தலையா?

தோஹாவிலிருந்து என் கணவர் ஷிஜோ பேசினார். "நீ இங்க வர ஜூனுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அதுக்குள்ள ஆய்வேட்டக் குடுத்துடு. இனி எல்லாம் உன் ஆடுங்க கையிலதான்." கல்யாணமான பிறகு ஒரு மழைக்காலம்கூட முழுதாகச் சேர்ந்து இருந்ததில்லை.

ஏப்ரல் 4

கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. 'புல்' என்ற வரிசைகளைத் தனியே, 'மடல்' என்றவற்றைத் தனியே பிரித்தெடுத்து நானே சோதனைக்குக் கொடுத்தேன். ஓடியது! பி மதிப்பு 0.03. மடல் தின்றவைதான் கூடுதல் எடை, தற்செயல் என்று தள்ள முடியாது.

வழிகாட்டி குரியாக்கோஸ் சார் — கஞ்சப் பிசினாறி — துறை முழுவதற்கும் பழம்பொரி வாங்கினார். "சினியே, உன் ஆடுங்க நம்ம மானத்தக் காப்பாத்திருச்சு." மாலையே மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் போய்விட்டது.

ஏப்ரல் 5

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 11

அட்டவணையில் குழுவுக்கு எத்தனை ஆடு என்று போட வேண்டும். புல் 12. மடல் 7.

ஏழா? மீதி ஐந்தை எந்த நரி தூக்கிக்கொண்டு போச்சு? பண்ணையில் தீவனம் போடும் ஓமனச்சேச்சியிடம் கேட்டேன். "எல்லாம் கொட்டில்லதான் நிக்குது. வேணும்னா போய்க் கட்டிப்புடிச்சுட்டு வா."

ஏப்ரல் 12

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

குழுப் பெயர்களை மட்டும் திரையில் வரவழைத்தேன். புல். மடல். மடல்.

பட்டியல் மலையாளத்தில். நம் மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் 'ல்'லை இரண்டு விதமாகத் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இரண்டாம் கொட்டிலின் மடல் ஆடுகளை ஜூனியர் ஜிஷ்ணு தன் போனில் பதிந்தான். மற்றவற்றை நான் ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டரில். நான் பிரித்தபோது அவன் பதிந்த ஐந்தும் வெளியே நின்றுவிட்டன. எடை ஏறாத ஐந்தும் அவைதான்.

ஜிஷ்ணுவிடம் கத்தினேன். "சேச்சி, நான் மடல்னுதானே அடிச்சேன். வேற எப்படி அடிக்கணும்?" பாவம், அவன்மேல் என்ன தப்பு? மூணு இருக்குன்னு கம்ப்யூட்டர் அன்னைக்கே சொல்லுச்சே! நான்தானே வாய மூடுன்னேன்!

எழுத்தை ஒன்றாக்கி மறுபடி ஓட்டினேன். 0.41. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. போச்சு, எல்லாம் போச்சு.

ஏப்ரல் 13

சாரிடம் சொன்னேன். "உன்ன யாரு எண்ணச் சொன்னா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அஞ்சும் நோஞ்சானுங்கதானே. நோய்னு எழுதித் தள்ளிடு. ஜூன்ல நீ பறந்துரலாம். இல்லன்னா வித்தியாசமே இல்லாத ஆய்வேட்ட நான் அனுப்ப மாட்டேன், இன்னொரு வருஷம், முதல்லேர்ந்து."

"நோயெல்லாம் ஒண்ணுமில்ல சார். தின்னுச்சு, ஏறல."

"யோசி."

யோசிக்கிறேன். ஒரே ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான். எனக்கு ஷிஜோவப் பார்க்கணும். ரொம்பப் பார்க்கணும்.

ஏப்ரல் 15

அந்த வரியை எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி — அதையும் அழித்தேன்.

ஜூனில் வரவில்லை என்று ஷிஜோவிடம் சொல்லிவிட்டேன். "ஒரு எழுத்துக்காக ஒரு வருஷமாடி?"

"ஒரு எழுத்துகூட இல்ல இச்சாயா. ரெண்டும் ஒண்ணுதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 22

மாநாட்டிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் சார் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 9

கொட்டும் மழையில் புதுக் குட்டிகள் வந்து இறங்கின. இந்த முறை குழுக்களுக்குப் பெயர் கிடையாது: 1, 2.

எடை பதிந்துகொண்டிருந்தபோது ஷிஜோவின் செய்தி. "ஓணத்துக்கு லீவு கேட்டிருக்கேன். உன் ஆடுங்க இடம் குடுத்தா நானும் கொட்டில்லயே படுத்துக்குறேன்."

நின்ற இடத்திலேயே அழுதேன். குனிந்து பார்த்தால், குட்டி ஒன்று என் துப்பட்டாவைத் தின்றுகொண்டிருக்கிறது.