கம்பைலரைக் கேட்காமல் நான் எழுதிய பதில்

என் டேவிட்டுக்கு,

மச்சான், நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. தாம்பரத்தில் ரயிலேறி குரோம்பேட்டை ஆபீஸுக்குப் போய் வருவதே பாரமாக இருக்கிறது. உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் பார்க்கத் தெம்பில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் ஃபேக்டரிக்கு, தமிழில் அடையாள அட்டை அடிக்கும் நம் புரோகிராமை ஃப்ளாப்பியில் கொண்டுபோனேனே, நினைவிருக்கிறதா? எந்தப் புது மெஷினிலும் முதலில் நீ எழுதிய பத்து வரி டெஸ்ட் புரோகிராமை ஓட்டுவது நம் வழக்கம். நாம் எழுதும் சி மொழி ஒன்றுதான் என்றாலும், அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்கள் ஒரே மாதிரி இல்லை; எழுத்தை எண்ணாக வைக்கும் கேரக்டர் வகையில் ஒரு கம்பைலர் மைனஸ் எண்ணை ஏற்கும், இன்னொன்று ஏற்காது. நம் தமிழ் எழுத்துகளின் எண்கள் எல்லாம் பெரியவை. அவை மைனஸாகிவிட்டால் எழுத்தே மாறிப்போகும். மைனஸ் வருமா வராதா என்று கண்டுபிடித்து ஒரு ஃபைலில் எழுதி வைப்பதுதான் உன் டெஸ்டின் வேலை; நம் புரோகிராம் அதைப் பார்த்துத்தான் ஓடும். "மேனுவலை நம்பாத மச்சான், கம்பைலரையே கேட்டுடு" என்பாய்.

அன்று நல்ல வெயில், பசி வேறு. அங்கிருந்த மெஷின் பார்க்க நம் ஆபீஸ் மெஷின் மாதிரியே இருந்தது. டெஸ்டை ஓட்டாமல், 'மைனஸ் வராது' என்று நானே அந்த ஃபைலில் பதிலை அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தொழிலாளர்களின் அடையாள அட்டைகளில் பெயருக்குப் பதில் கட்டமும் கோடுமாக வந்தது. நம் மேனேஜர் கத்தினார்.

"டெஸ்ட் ஓட்டினியாடா?" என்று கேட்டாய்.

"ஓட்டினேன்டா."

"அப்ப என் டெஸ்ட்லதான் சார் தப்பு" என்று அவர் முன்னால் தலைகுனிந்தாய். அவர் வேறு ஆளை அனுப்பிச் சரிசெய்தார். உன்னை அந்த ஃபேக்டரிப் பக்கமே விடவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பல்லாவரத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி ஸ்டெல்லா உன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பக்கம் பக்கமாக அந்தப் பத்து வரியையே எழுதி எழுதிச் சரிபார்த்திருக்கிறாய்.

"கடைசி வரைக்கும் இதையேதான் பாத்துட்டு இருந்தார்ண்ணா. எங்க தப்புன்னு நீங்களாவது கண்டுபிடிச்சீங்களா?"

"பாக்கறேம்மா" என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சீ, நான் எல்லாம் ஒரு மனுஷனா?

உன் டெஸ்டில் ஒரு தப்பும் இல்லை டேவிட். என் மேல் உனக்குச் சந்தேகமே வரவில்லையா? வந்தும் கேட்காமல் விட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சர்ச்சிலிருந்து வரும்போது உன் வீட்டு வாசலில் இருப்பேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். திங்கட்கிழமை மேனேஜரிடமும் சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போகலாம். போனாலும் சொல்வேன்.

உன்னிடம் பொய் சொன்ன
உன் மச்சான்,
சேகர்