முனை வெட்டாத சுருட்டு

3-2-99, புதன்
பனி. எட்டு மணி வரை எதிர்ச்சாரிக் கடைகள் தெரியவில்லை. நூலகத்தில் பதினொன்று வரை கரண்ட் இல்லை. பழைய ஆங்கில இதழ்கள் ஒரு கட்டு வந்திருக்கிறது, யாரோ ஓய்வுபெற்ற அதிகாரி கொடுத்தது. பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் படித்தேன்.

ஒன்றில் சுருட்டைப் பற்றி நான்கு பக்கம். சுருட்டு மறுபடியும் வருகிறதா என்று கேள்வி. அமெரிக்காவில் வருகிறதாம். அதற்கென்று தனி அறை, ஈரம் காயாமல் வைக்க மரப்பெட்டி. பெண்களும் பிடிக்கிறார்களாம், அது முன்னேற்றமாம். பிடிக்கும் முறை பாடம் போல, படத்துடன். வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும், அதைச் சீவி எடுக்காமல் பற்றவைத்தால் காற்று ஏறாது, அணைந்துவிடும். நம் சுருட்டுக்கு இரண்டு பக்கமும் திறப்பு. அதனால் கட்டுரை தேவைப்படவில்லை.

'மறுபடியும்' என்ற சொல்தான் எரிச்சல். போனால்தானே வருவதற்கு? திருமானூர்ப் பக்கம் களை எடுக்கிற பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பிடிக்கிறார்கள். அவர்களை யாரும் வழவழத் தாளில் போடவில்லை.

வாங்க: ரீஃபில் 2, ஊக்கு, அப்பா செருப்புக்கு வார்.

5-2-99, வெள்ளி
ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா இதைத் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள், கல்லைப் பார்த்தபடி. அரியலூர் கான்ட்ராக்டர், அவர் மகன் பாஸ்கர். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் எட்டோ பத்தோ. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் என்பதால் ரொம்பத் தூரம்.

கா.வை (இனி இப்படித்தான், முழுசாக எழுத மை வீண்) எனக்கு நினைவிருக்கிறது. சித்தப்பா கல்யாணத்தில் அப்பா பந்தல் ஓரம் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கா. மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்பது பேர் முன்னால், "யோவ் மாமா, அந்த நாத்தத்தத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போய்யா" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே ரோட்டுக்குப் போனார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான்கு வருடம் முன்பு அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, திருச்சி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டி இன்னும் ஒரு சுருட்டுக்கு இதில் இடமில்லை என்றார். அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதன்பிறகு தொடவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை பாயிடம் கேட்டேன், சுருட்டு இப்போது அதிகம் போகிறதா என்று.
"ஏம்மா, வாப்பாவுக்கா?"
"இல்ல பாய், சும்மா தெரிஞ்சுக்க."
"சும்மா தெரிஞ்சுக்க சுருட்டக் கேக்குற புள்ளய இப்பதான் பாக்குறேன். எங்கம்மா போவுது! கெழவனுங்க ரெண்டு பேரு. மிச்சம் உங்க முனியப்பனுக்குத்தான். சாமி மட்டும் இல்லன்னா நா எப்பவோ நிறுத்தியிருப்பேன்."
பெரம்பலூர் நிலவரம் இது. அமெரிக்காவுக்குத் தந்தி அடிக்கலாம்.

7-2-99, ஞாயிறு
வந்தார்கள். பத்தரைக்கு வருவதாகச் சொல்லி பன்னிரண்டுக்கு. காரில் இருந்து முதலில் இறங்கியது புகை.

கா. இப்போது சுருட்டுப் பிடிக்கிறார்! நாத்தம் இல்லையாம், வாசனையாம். துபாய்க்காரர் ஒருவர் கொடுத்த பெட்டி. சுருட்டின் இடுப்பில் தங்க நிறத்தில் காகித மோதிரம். அதைக் கழற்றாமல் பிடிக்கிறார், விலைச்சீட்டைக் கிழிக்காமல் சட்டை போடுவது போல. கூடத்தில், சாமி படத்துக்கு நேர் கீழே.

பாஸ்கர் பேசவில்லை. ஒரே வேலைதான் அவருக்கு. கா. விரலை நீட்டினால் பெட்டியைத் திறக்க வேண்டும், சட்டைப் பையில் இருந்து வெட்டுக் கருவியை எடுத்து முனையை நறுக்க வேண்டும், பற்றவைக்க வேண்டும். முப்பது வயது. மூன்று முறை செய்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

பிறகு நடந்ததுதான் தாங்கவில்லை. கா. ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "புடிங்க சம்மந்தி. இது நெஞ்சுக்கு ஒண்ணும் பண்ணாது. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் இதான் இப்ப."
அப்பா என்னைப் பார்க்கவில்லை. வாங்கினார். பாஸ்கர் நறுக்கினார்.

என்னைப் பற்றி கா.: "வேலைக்கெல்லாம் போவ வேணாம் பாப்பா. புஸ்தகந்தானே? வூட்டுல ஒரு பீரோ வாங்கிப் போட்டா போச்சு."
அம்மா சிரித்தாள். நான் காபி தம்ளர்களை எடுத்தேன்.

அவர்கள் போனதும் பெருக்கினேன். நறுக்கிய முனைகள் நான்கு, வெட்டிப் போட்ட கட்டைவிரல் நகம் போல.

8-2-99, திங்கள்
காலை முழுக்க அப்பா இருமல். கிணற்றுக்குள் வாளி மோதுவது மாதிரி. அவராகவே, "மரியாதைக்குக் குடுக்குறாரு, எப்படி வேணாங்கறது?" என்றார். இன்னும் இரண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம். ஒன்றைத் தோட்டத்தில் முடித்துவிட்டார், மணத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்.
நாற்பது பேர் முன்னால் துரத்தியவன் ஒரு மோதிரத்தைச் சுற்றிக் கொடுத்தால் அது மரியாதை.

10-2-99, புதன்
அம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னேன். சரியாக மூன்று வாக்கியம்.
"ஏண்டி, குடிக்கிறானா? கூத்தியா வச்சிருக்கானா? என்ன கொறை?"
"அவரு அப்பாவுக்கு நெருப்புக்குச்சி கிழிக்கிறாரும்மா, வாழ்க்கை பூரா அதான் கிழிப்பாரு."
"அப்பனுக்குப் பயந்த புள்ள கெடச்சா புண்ணியம். இருபத்தாறு ஆவுது உனக்கு. போ, தலையப் பின்னு."
அப்பாவிடம் கேட்டேன். "சாமி உத்தரவு குடுக்கட்டும், பாக்கலாம்" என்றார். கோழை.

உத்தரவு என்பது இது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் குலதெய்வம் ஒன்றே, தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடக் கரை முனியப்பன். கல்யாணம் பேசினால் அவருக்குச் சுருட்டு வைத்துக் கேட்க வேண்டும். பூசாரி கற்பூரத்தில் பற்றவைத்து சாமி கையில் செருகுவார். வாயில் வைத்து ஊதக் கூடாது, எச்சில். சாம்பல் வரை எரிந்தால் சம்மதம். அணைந்தால் இல்லை. எனக்குத் தெரிந்து அணைந்ததே கிடையாது. கொள்ளிடக் காற்று, இரண்டு பக்கமும் திறந்த சுருட்டு, எப்படி அணையும்? எங்கள் சாமி எல்லாருக்கும் சரி என்கிற சாமி.

13-2-99, சனி
அம்மா பாய் கடையில் சுருட்டு ஒரு கட்டு வாங்கி வந்தாள். எலுமிச்சை, கற்பூரம், அவல், கடலை. பச்சைப் புடவை இஸ்திரி போட்டாயிற்று.
இன்று யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இதழ்கள் பதினேழையும் பதிவேட்டில் ஏற்றினேன்.

14-2-99, ஞாயிறு
நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பாஸ்கர் வரவில்லை. ஆலத்தியூரில் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றுவிட்டது. கா.வும் அவர் தம்பியும் மட்டும்.
பொங்கல் வைத்து, படையல் போட்டு, அம்மா சுருட்டுக் கட்டைப் பிரித்தாள். கா. கையால் தடுத்தார். "அத உள்ள வைங்க. சாமி எத்தினி காலத்துக்கு இந்தக் குப்பையவே புடிப்பாரு? இனிமே முனியப்பனுக்கும் ஃபாரின்தான்." பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். மோதிரத்துடன். முனையுடன்.

கா. தானாக ஒரு சுருட்டையும் நறுக்கியதில்லை. விரலை நீட்டினால் நறுக்கி வரும். அந்த வேலை ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

பூசாரி வாங்கிப் பார்த்தார். "என்னாங்க, வாழப்பூவாட்டம் இருக்கு" என்றார். கற்பூரத்தில் காட்டினார். நுனி கருகியது. சாமி கையில் செருகினார். கொஞ்சம் புகை. நின்றது.
மறுபடி காட்டினார். நின்றது.
எலுமிச்சைத் தட்டு என் கையில். தட்டில் பழம் அறுக்கிற கத்தி. முனையைச் சீவ ஒரு நொடி வேலை. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.
மூன்றாம் முறையும் நின்றது. பூசாரி இரண்டடி பின்னால் போனார். "சாமி வாங்கலைங்க."
"யோவ், நல்லாப் பத்த வைய்யா! குடு இங்க!" கா. பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனார்.
"ஐயயோ, எச்சில்! சாமி சரக்கு!" பூசாரி கத்திய கத்தலில் கா. கை அப்படியே நின்றது.
சாமிக்குக் குறை வைக்கக் கூடாது என்று பூசாரி பாய் கடைச் சுருட்டில் ஒன்றைப் பற்றவைத்து வைத்தார். அது சாம்பல் வரை கணகணவென்று எரிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை, நியாயமாக எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கா. முகம் சுண்ணாம்புக்கல். "என் கையால குடுத்ததத்தான் வேணாங்குது" என்று தம்பியிடம் முணுமுணுத்தார். உதடு நடுங்கியது. நடிப்பு என்று எழுத ஆசை. நடிப்பில்லை. பொங்கல் சாப்பிடாமல் காரில் ஏறினார். கண்ணாடி இறக்கி அப்பாவிடம், "தப்பா நெனைக்காதீங்க மாமா. சாமி சொல்லிருச்சு." சம்மந்தி போய் மாமா ஆகிவிட்டது.

அவர் மேல் இளப்பம் குறையவில்லை. ஆனால் அவர் சாமியை நம்பினார். நான் சாமியை உபயோகித்துக்கொண்டேன். முனையை வெட்டியிருந்தாலும் அது முழுசாக எரிந்திருக்குமா, தெரியாது. இந்தத் தெரியாததை வைத்துக்கொண்டு எனக்கு நானே சமாதானம் சொல்வதும் மட்டமான வேலைதான்.

15-2-99, திங்கள்
அம்மாவின் ரசம் உப்பு. வேண்டுமென்றே என்று நினைக்கிறேன்.
நூலகத்தில் ஒருவர் அந்தச் சுருட்டுக் கட்டுரை இதழைக் கேட்டார். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று பொய். பையில்தான் இருந்தது.

17-2-99, புதன்
பனி குறைந்துவிட்டது. இன்று இருமல் இரண்டு தடவைதான்.
சாயங்காலம் தோட்டத்தில் அப்பா. "பாப்பா, அந்தப் பழம் அறுக்குற கத்திய எடுத்தா."
கொண்டுபோனேன். மடியில் கா. கொடுத்ததில் மிச்சம் ஒன்று. சத்தியத்தை ஞாபகப்படுத்தத் தயாராக நின்றேன். அவர் மோதிரத்தை நகத்தால் கீறிக் கழற்றினார். கத்தியை முனையில் வைத்துச் சரியாக ஒரு நூல் அளவு சீவினார், பாஸ்கரைவிடச் சுத்தமாக. சீவிய துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். சுருட்டை எருக்குழிக்குள் வீசினார்.
"தட்டு உங்கையில இருந்துச்சு" என்றார். "நா உம் பக்கத்துலதான் நின்னேன்."